பகைவர்கள் காதலர்களாகும் கதை: அந்தத் திருப்பத்தை எங்கே வைப்பது?

குறுவைக்காரன்:
கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் இடையே, அடுத்தடுத்த ஊர்களில் உள்ள இரண்டு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தர்களாக வேலை பார்க்கும் இரண்டு ஆண்களின் காதலைக் குறுநாவலாக எழுதிவருகிறேன். இருவரும் பருவகாலப் பணியாளர்கள். நிரந்தரப் பணி என்று ஒன்று வந்தால் அது தனக்கே வர வேண்டும் என்று நினைப்பவர்கள். ஒருவர்மீது ஒருவர் மேலிடத்துக்குப் புகார் எழுதியவர்கள். ஈரப்பதம் கூடுதல் என்று ஒரு களத்தில் திருப்பி அனுப்பப்பட்ட விவசாயி அடுத்த களத்துக்கு டிராக்டரை ஓட்டிச் சென்று, "அவர் எடுக்கவில்லை, நீங்களாவது எடுங்கள்" என்று கேட்பதும் அந்தப் பகைக்கு எண்ணெய் ஊற்றுகிறது. கதை நடக்கும் ஆண்டு 2018. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த அந்த இரவில், அட்டி போட்ட, அதாவது வரிசை வரிசையாக அடுக்கிவைத்த மூட்டைகளைக் காப்பாற்ற ஒருவர் மற்றவரிடம் ஓடி வருகிறார். காதல் அங்கே தொடங்குகிறது. படித்துப் பார்த்த நண்பர், பகை தீர்ந்தது தெரிகிறது, காதல் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை என்கிறார். அவருக்கு நான் என்ன பதில் வைத்திருக்க வேண்டும்?

களத்துமேடு:
நான் சில பருவங்கள் பட்டியல் எழுதியவன் என்பதால் முதலில் தொழில் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் நடுவில் சம்பா வயலில் பச்சையாக நிற்கும். குறுவைக் கொள்முதல் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே அந்த இரவில் உங்கள் களத்தில் காப்பாற்றும் அளவுக்கு மூட்டைகள் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. கஜாவின் கடுமையும் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம்தான். உங்கள் ஊர்களுக்கு அக்டோபரில் பெய்யும் சாதாரண மழையே போதும்.

புயல் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புயலில் யாரும் யாருக்கும் உதவுவார்கள். கொள்முதல் நிலையத்தில் ஓர் எழுத்தரின் உண்மையான பயம், மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்றிப்போக வேண்டிய லாரிதான். 17 சதவீத ஈரப்பதத்தில் 40 கிலோ என்று எடை போட்டுத் தைத்த மூட்டை, லாரி வராமல் களத்திலேயே கிடந்து 14 சதவீதத்துக்குக் காய்ந்தால், கணக்குப்படி ஏறக்குறைய 1.4 கிலோ குறைந்துவிடும். ஆயிரம் மூட்டை கிடந்தால் 1.4 டன். நெல்லை ஒருவரும் திருடவில்லை, வெயில்தான் குடித்தது. ஆனால் எடைக்குறைவுக்கான தொகை எழுத்தரின் தலையில் விழுவதுதான் நடைமுறை. மழை பெய்தால் அதே மூட்டை முளைவிடும் என்பது தனிக் கவலை. இந்தக் கணக்கை வீட்டில் சொன்னால் புரியாது. சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், தினமும் சாலையில் போகும்போது எதிரியின் அட்டி எத்தனை வரிசை உயர்ந்திருக்கிறது என்று பொறாமையோடு எண்ணிக்கொண்டு போகிற அந்தப் போட்டியாளர்தான். தன் முறைக்கு வந்த லாரியை அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த களத்துக்கு அனுப்பிவிடட்டும். அதனால் அவருடைய மூட்டைகள் காய வேண்டும், அவருக்குப் பணம் போக வேண்டும். பகைவனை இவ்வளவு உன்னிப்பாக யாரும் கவனித்ததில்லை என்பதே காதலுக்கான காரணம் என்று உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள்.

அரசலாறு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். நான் தன்பாலீர்ப்புள்ள ஆண். தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்து, இன்றும் அங்கேயே இருப்பவன். வெளியூர்க்காரர்கள் எழுதும் கதைகளில் எங்கள் ஊர்க் காதலர்கள் எப்போதும் ஒளிந்துகொண்டே இருப்பார்கள். இங்கே இரண்டு ஆண்கள் ஒரே வண்டியில் போவதையும், மழைக்கு ஒரே கொட்டகையில் படுத்துக்கொள்வதையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேச்சு எழுவது வேறிடத்தில்: முப்பது வயது நெருங்கியும் பெண் பார்க்க வருவதைத் தட்டிக்கழிக்கும்போது, மாமன் மகளைக் கட்டிக்கொள்ள மறுக்கும்போது, "தங்கைக்கு முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்ற சாக்கு தங்கையின் கல்யாணத்தோடு தீர்ந்துபோகும்போது. உங்கள் கதையின் நெருக்கடி அங்கே இருந்தால்தான் எங்களுக்கு அது எங்கள் கதையாகத் தெரியும்.

2018ஐத் தேர்ந்தது நல்லதே. அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தன்பாலீர்ப்புள்ள வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவைக் குற்றமாக்காது என்று தீர்ப்பளித்தது. குறுவை அறுவடைக் காலம் அது. களத்தில் கிடக்கும் நாளிதழில் அந்தச் செய்தியை இருவரும் தனித்தனியே படிக்கலாம், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல். ஆனால் தீர்ப்பு வந்ததும் கதவு திறந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். தன்பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் கொடுமைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை சொன்னதே 2021இல்தான். திருமண உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் நாயகர்களுக்கு அந்தச் செப்டம்பரில் கிடைத்தது, போலீஸ் பயம் ஒன்று குறைந்தது என்ற அளவுதான்.

இன்னொன்று. காதல் வந்தபின் அவர்களின் சண்டையை நிறுத்திவிடாதீர்கள். ஊருக்கு அவர்கள் ஜென்மப் பகைவர்கள். அதைவிடப் பாதுகாப்பான திரை அவர்களுக்கு வேறில்லை. சுமைதூக்கும் தொழிலாளர்கள் முன்னால் ஈரப்பதமானியைக் காட்டி உரக்கச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் எத்தனை மணிக்கு, எந்தப் படித்துறை என்பதும் இருக்கும். எனக்கு எழுத வந்தால் இந்த அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதுவேன்.

வெண்ணாற்றங்கரை:
சுவாரசியமான யோசனைதான், ஆனால் சுமைதூக்குபவர்களை ஏமாளிகளாக்க வேண்டாம். களத்தில் எதுவும் அவர்களுக்குத் தெரியாமல் நடக்காது. அவர்களில் மூத்தவர் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும், தெரிந்தும் அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கட்டும். அதோடு அந்தப் பழைய புகார்க் கடிதங்கள் அலுவலகக் கோப்பில் இருக்குமே? காதல் வந்ததும் அவை தானாக அழிந்துவிடாது.

குறுவைக்காரன்:
மூவருக்கும் நன்றி. புயல் அத்தியாயத்தை எடுத்துவிட்டு லாரியை வைக்கிறேன். புகார்க் கடிதம் பற்றிய கேள்வி எனக்குத் தோன்றாத ஒன்று: ஒருவர் எழுதிய பழைய புகாருக்கு, காதல் வந்த பிறகு விசாரணை வந்தால், எழுதியவரே வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்குமா?

களத்துமேடு:
கையெழுத்திட்ட புகார் என்றால், விசாரிக்க வருபவர் எழுதியவரை அழைத்து, "இது உங்கள் கையெழுத்துதானா" என்று கேட்கத்தான் செய்வார். ஆம் என்றால் காதலனுக்கு வேலை போகலாம். பொய்ப் புகார் என்றால் எழுதியவருக்குப் போகலாம். மொட்டைக் கடிதமாக மட்டும் வைத்துவிடாதீர்கள். தப்பிக்க வழி கிடைத்துவிடும்.