போனி டேங்க் மாட்டினா இடதுபக்கம் சாயுது, கழட்டிரவா?

சிப்பிப்பாறை:
ஸ்கூபால போனி (அவசரத்துக்குன்னு தனியா வச்சிருக்குற சின்ன காத்து டேங்க்) மாட்டினதுல இருந்து தண்ணிக்குள்ள இடதுபக்கமே இழுக்குது. கூடவே கத்தி, கத்தரி, டார்ச் ரெண்டு, ஸ்பேர் மாஸ்க், மிதவை ரெண்டு. இவ்வளவும் வேணுமா? ஞாயித்துக்கிழமை முட்டம் பக்கம் ஒரு பார்ல (கடலடிப் பாறைத் திட்டுல) இறங்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

நீவாடு:
போனி எத்தனை லிட்டர்? எங்க கட்டியிருக்கீங்க? ஆழம்? கூட ஆள் உண்டா? ஒண்ணும் சொல்லாம கேட்டா எப்படி?

குளச்சல்காரன்:
சாயுறதுக்குப் போய் டேங்கைக் கழட்டுவாங்களா மக்கா! பெல்ட்டுல இடதுபக்க ஈயத்துல ஒரு கிலோ எடுத்து வலதுபக்கம் கோத்துப் பாரு.

பழைய முக்குளி:
கோர்ஸ்ல தூங்கினா இப்படித்தான் கேள்வி வரும். மெயின் டேங்க் தீர்ந்தா போனிலயே மேல வர எவ்வளவு காத்து வேணும்னு கணக்குப் போடுங்க தம்பி. பதட்டத்துல நிமிஷத்துக்கு 30 லிட்டர்னு வைங்க. 20 மீட்டர்ல அழுத்தம் 3 பார். நிதானிக்க ஒரு நிமிஷம், 90 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற ரெண்டு நிமிஷம், 135. அங்க மூணு நிமிஷம் நிக்க இன்னொரு 135. மேல வர 40. மொத்தம் 400. 3 லிட்டர் போனில 200 பார் அடைச்சா 600 இருக்கு. அரை லிட்டர் குப்பில வெறும் 100, அது ஒரு நிமிஷத்துக்குத்தான்.

சிப்பிப்பாறை:
3 லிட்டர், ஸ்டீல். மெயின் டேங்கோட சேத்து. 18 மீட்டர். ஆள் உண்டு.

நீவாடு:
ஆள் பக்கத்துலயே நின்னா அவரோட ஆக்டோபஸ் (டேங்க்ல இருக்குற உபரி மவுத்பீஸ்) போதும். கலக்குத் தண்ணில ரெண்டு மீட்டர் தள்ளினாலே ஆளைக் காணாது, அதனால போனி இருக்கட்டும். பகல்ல ஒரு டார்ச் போதும். ஸ்பேர் மாஸ்க்கை வள்ளத்துல வைங்க. மிதவை ஒண்ணு, 30 மீட்டர் கயிறோட. கத்தியும் கத்தரியும் கட்டாயம். பார்ல அறுந்து கிடக்குற தங்கூசி (நைலான்) வலை கால் துடுப்புல சுத்தினா கெண்டைக்கால் கத்தி எட்டாது. கத்தரியை நெஞ்சுல மாட்டுங்க, ரெண்டு கையும் எட்டுற இடத்துல.

கடல்நாய்:
கடியபட்டணத்துல சிப்பி எடுக்குறவங்க கண்ணாடி மட்டும் மாட்டிட்டு இறங்குறாங்க. இவங்களுக்கு ஒரு கடையே வேணும்!

பழைய முக்குளி:
அவங்க மேல இழுத்த மூச்சோட போய் வர்றாங்க. டேங்க் காத்தை 10 மீட்டர்ல இழுத்து அடக்கிட்டு ஏறினா அது மேல ரெண்டு மடங்காகும், நுரையீரல் கிழியும். ரெண்டும் ஒண்ணா? போனி வால்வை மூடி வைங்கன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள இது.

குளச்சல்காரன்:
மூடினா ஒரு மூச்சுல ஹோஸ் காலி. அப்புறம் முதுகுப் பக்கம் வால்வைத் தேடிட்டிருக்கணும்.

பழைய முக்குளி:
திறந்தா மவுத்பீஸ் மேல பாத்து ஃப்ரீ ஃப்ளோ ஆகும், காத்து தானா கொட்டும். முதுகுல குமிழி போறது யாருக்குத் தெரியும்? தேவைப்படும்போது டேங்க் காலி.

குளச்சல்காரன்:
மவுத்பீஸை ரப்பர் வளையத்துல தாடைக்குக் கீழ தொங்கவிடுங்க அண்ணாச்சி, ஆகாது.

நீவாடு:
போனியை முன்பக்கம், இடது விலாவோரமா தொங்கவிட்டா வால்வு கைக்கே வரும். இந்தச் சண்டையே வேண்டாம்.

சிப்பிப்பாறை:
ஈயம் மாத்தியாச்சு, சாயல. நன்றி.

குளச்சல்காரன்:
வால்வைத் திறந்தியா, மூடினியா?