காரணம் தெரிஞ்ச பிறகும் மனசை விட்டுப் போகாத இடம்: இலங்கை மலையகத்துல நீங்க கண்டதைச் சொல்லுங்க

மஸ்கெலியா மாமா

போன சீசன்ல அக்கா மவனோட சிவனொளிபாதம் போனேன். நல்லதண்ணிப் பக்கமா ராத்திரி ஏறுனோம். படி, குளிர், முழங்கால் வலி எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதை விடுங்க. எழுத வந்தது விடியறப்போ விழுற அந்த மலையோட நிழலைப் பத்தி.

உச்சியில மணி அடிச்சுட்டு மேற்குப் பக்கச் சுவரோரமா எடம் பிடிச்சோம். பையன் பேராதனையில பௌதிகம் படிக்கிறான். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டான். "மாமா, மலை எந்த வடிவத்துல இருந்தாலும் நிழல் முக்கோணமாத்தான் தெரியும். தண்டவாளத்துல நின்னு பாத்தா ரெண்டு கம்பியும் தூரத்துல ஒன்னு சேருதில்ல, அதே கதை. நிழல் ரொம்பத் தூரம் நீண்டு கெடக்கு, நாம இந்த முனையில நின்னு நீளவாக்குல பாக்கிறோம்." 1886லயே ரால்ஃப் அபர்குரோம்பின்னு ஒரு பிரிட்டிஷ் வானிலைக்காரர் இங்க ஏறி வந்து பாத்து எழுதியிருக்காராம்.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. ஏழு வயசுல எங்கப்பா தோள்ல தூக்கிட்டு வந்து அதே சுவரோரம் நிறுத்தி, "சாமி தன் மலையைத் தானே வரைஞ்சு காட்டுது பாரு"ன்னு சொன்னாரு. அவர் போயி பத்து வருசம் ஆச்சு. "கொஞ்சம் வாயை மூடுடா"ன்னுட்டேன்.

சூரியன் வந்துச்சு. இரத்தினபுரிப் பக்கம் நிழல் விழுந்துச்சு, சீவி விட்ட பென்சில் மாதிரி கூரா. அந்த நேரம் பள்ளத்துல இருந்து மூட்டம் மேல கிளம்ப, தரையில படுத்துக் கெடந்த நிழல் எழுந்து நின்னுடுச்சு. கைய நீட்டினா தொடலாம் போல. பக்கத்துல நின்ன சிங்கள அம்மா 'சாது சாது'ன்னு கும்பிட்டாங்க. பையன் என் காதுகிட்ட மெதுவா, "மாமா, நீங்க பாக்கிற அந்த நுனி உங்க தலையோட நிழல் விழுற திசை. நான் பாக்கிறதுல நுனி என்னோடது. அந்த அம்மாவுக்கு அவங்களோடது"ன்னான்.

அங்க எத்தனை நூறு பேர் நின்னிருப்போம். ஆளாளுக்கு ஒரு நிழல், ஒவ்வொன்னுக்கும் நுனி அவங்கவங்க தலை. அப்பா தூக்கிட்டு நின்ன அன்னைக்கு அவர் பாத்த நுனி அவரோடது, எனக்குத் தெரிஞ்சது என்னோடது. இதை நெனைச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா? காரணம் தெரிஞ்ச பிறகு அந்த எடம் சின்னதாகிப் போச்சா, இல்லையா?

---

எலிய அக்கா

எனக்குச் சின்னதாகிப் போச்சு. மறைக்காம சொல்லுறேன்.

நுவரெலியாவுக்குப் பக்கத்துல சீதாஎலிய சீதையம்மன் கோயிலுக்குப் பின்னாடி ஆத்துப் பாறையில அனுமார் பாதம் இருக்குதானே. அப்பாயி என் வலது கையைப் பிடிச்சு அந்தக் குழிக்குள்ள வச்சாங்க. மணிக்கட்டு வரைக்கும் தண்ணி. பனிக்கட்டி மாதிரி. "இங்க கால் வச்சுத்தான் சீதையம்மாவைப் பாத்தாரு"ன்னாங்க. அன்னைக்கு முழுக்க அந்தக் கையால நான் சோறு திங்கல, இடது கையால தின்னு அடி வாங்கினேன்.

பத்தாம் வகுப்புல புவியியல் மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க: ஆத்துச் சுழியில மாட்டின கல்லு சுத்திச் சுத்தியே பாறையைக் குடைஞ்சு குழி ஆக்கும்னு. அந்தக் கறுப்பு மண்ணு, அனுமார் வாலால எரிஞ்சதுன்னு சொல்லுவோமே, அதுக்கும் காரணம் சொன்னாங்க. குளிருல இலை தழை சீக்கிரம் மக்காம மண்ணோட சேந்து கறுத்துப் போகுமாம். சரியாத்தான் சொன்னாங்க, நான் அதைக் குறை சொல்லல.

போன வருசம் என் மகளைக் கூட்டிட்டுப் போனேன். அதே பாறை. "அம்மா, இது யாரு தோண்டினது?"ன்னு கேட்டா. ரெண்டு பதிலும் நாக்கு நுனியில இருந்துச்சு. ஒன்னும் சொல்லாம கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். அவ கை நனையவே இல்ல. அதுதான் உறுத்துது.

---

ஓஹியா ஓட்டம்

எலிய அக்கா, நீங்க சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். மிஸ் சொன்னது குழி எப்படி வந்துச்சுங்கிறது. அப்பாயி சொன்னது அந்தக் குழிகிட்ட நாம எப்படி நிக்கணுங்கிறது. ரெண்டும் ஒரே கேள்விக்குப் பதில் இல்லையே. மகளுக்கு ரெண்டையும் சொல்லியிருக்கலாம், பிள்ளைங்க தாங்கும்.

என் கதை சின்னது. ஹோட்டன் சமவெளியில உலக முடிவுங்கிற விளிம்புல நின்னேன், கிட்டத்தட்ட 880 மீட்டர் செங்குத்துப் பள்ளம். அஞ்சு நிமிசத்துல மூட்டம் மூடிடுச்சு, என் சப்பாத்து முனையே தெரியல. அந்த வெள்ளைக்குள்ள இருந்து, கீழ இருக்கிற தோட்டத்துல யாரோ தப்படிக்கிற சத்தம் வந்துச்சு. திருவிழாவா சாவு வீடான்னு தெரியல. இன்னைக்கும் தெரியல.

போறவங்களுக்குச் சில விசயம். பூங்கா வாசல் திறக்கிற காலை ஆறு மணிக்கே உள்ள போயிடுங்க. ஒன்பது மணி தாண்டினா பெரும்பாலும் மூட்டந்தான். ஏன்னா வெயில் ஏற ஏற கீழ்நாட்டுக் காத்து சூடாகி, ஈரத்தோட அந்தச் செங்குத்துச் சுவரைப் பிடிச்சு மேல வரும், மேல வரவரக் குளிர்ந்து மூட்டமாகும். இது தெரிஞ்சிருந்தா "நமக்குக் குடுத்து வைக்கல"ன்னு பொலம்பத் தேவையில்ல, அலாரத்தை முன்னாடி வச்சாப் போதும். பொலித்தீன் கொண்டு போகாதீங்க, வாசல்ல பையைத் திறந்து பாத்து எடுத்துடுவாங்க. பிஸ்கட்டை டப்பாவுல போட்டுக்கோங்க. ரயில்ல வந்தா ஓஹியாவுல இறங்கி வேன் பிடிக்கலாம். நடக்கிற சுத்து ஒன்பது கிலோமீட்டருக்கு மேல, பேக்கர் நீர்வீழ்ச்சியும் அதுலயே வந்துடும். மரை மான் நின்னா பிஸ்கட் குடுக்கிற பழக்கத்தை நிறுத்துங்க, அதுங்களுக்கு ஆகாது. மழை கோட்டு கட்டாயம். சின்னப் பிள்ளைங்களை விளிம்புக்குப் பக்கத்துல தோள்ல தூக்கி வச்சுப் படம் எடுக்காதீங்க, என் கண்ணு முன்னாடியே ஒருத்தர் அப்படிச் செஞ்சாரு, எனக்கு உடம்பே நடுங்கிப் போச்சு. செங்குத்துப் பள்ளம் அது.

---

ஸ்டோர் வாச்சர்

தம்பி ஓஹியா, அட்வைஸ் நல்லது, ஆனா அவங்க கேட்டது அது இல்லையே.

நான் நக்கிள்ஸ் பக்கத் தோட்டம் ஒன்னுல இருபத்திரெண்டு வருசம் ராக்காவல். உலமான்னு சொல்ற பேய் ராத்திரி கத்துறதைக் கேட்டவங்க இங்க எத்தனை பேர்? கேக்காதவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பொம்பளை ஒருத்தி கழுத்தை நெரிக்கும்போது கத்துற மாதிரி, ஆரம்பிச்சு பாதியில அறுந்து போகும். பெத்த பிள்ளையைப் புருசன் கொன்னு கறி வச்சுக் குடுத்தான், கறிக்குள்ள விரலைப் பாத்துட்டுக் காட்டுக்குள்ள ஓடினவதான் அதுன்னு சிங்கள ஆளுங்க சொல்லுவாங்க. அது கத்தினா லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு சாவு விழும்னு நம்ம சனமும் நம்பிச்சு.

அது ஒரு ஆந்தைன்னு காட்டிலாகா பையன் ஒருத்தன் போன்ல படம் காட்டினான். வயித்துல புள்ளி வச்ச பெரிய ஆந்தை, காது மாதிரி ரெண்டு கொம்பு. பறவை பாக்கிறவங்கள்ல நிறையப் பேர் அதுதான் உலமாங்கிறாங்களாம்.

ஊர் பாக்க வர்றவங்களுக்கு அது அதிசயம். எங்களுக்குப் பயம். அது கத்தின மறுநாள் என் சம்சாரம் கைப்பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கமாட்டா. காய்ச்சலா கெடந்த ஒரு கெழவரை, "கூப்பாடு வந்துடுச்சு, இனி என்னத்துக்கு"ன்னு வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகல. அந்தப் பயம் போனதுல எனக்குச் சந்தோசந்தான்.

பேர் தெரிஞ்ச பிறகு ஒரு நாள் பாத்தேன். ஸ்டோருக்குப் பின்னாடி சபுக்கு மரத்துல உக்காந்திருந்துச்சு. டோர்ச் அடிச்சேன். என்னைப் பாத்துக் கண்ணை மெதுவா மூடி மெதுவா திறந்துச்சு, பழக்கப்பட்ட ஆளைப் பாத்த மாதிரி. இருபது வருசம் எனக்கு மேலயே இருந்திருக்கு. டோர்ச்சை அணைச்சிட்டு இருட்டுல அப்படியே நின்னேன், எவ்வளவு நேரம்னு தெரியல.

---

நெலு பாத்தவள்

நான் சுருக்கமா. 2013ல ஹோட்டன் சமவெளியில நெலு (குறிஞ்சி வகைச் செடி) பூத்தப்போ போனேன். காடு முழுக்க ஊதா. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா எல்லாச் செடியும் ஒன்னாப் பூத்து, விதைச்சு, ஒன்னாச் செத்துப் போகும். இவ்வளவு விதை ஒரே நேரத்துல கொட்டினா காட்டுக்கோழியும் எலியும் எவ்வளவுதான் தின்னும், மிச்சம் முளைச்சுடும்னு அதுக்குக் காரணம் சொல்றாங்க. சரி. ஆனா செடிக்குப் பன்னெண்டை எண்ணச் சொல்லிக் குடுத்தது யாரு? காரணம் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்துச்சு.

---

ஊத்தடி பேத்தி

வாச்சர் ஐயா சொன்னதுக்குப் பக்கத்துல என்னோடதையும் வைக்கிறேன்.

எங்க லயத்துக்கு மேல ஒரு ஊத்து. பக்கத்துல ஏழு கல்லு, கன்னிமாருன்னு கும்பிடுவோம். அம்மாயிதான் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பாங்க. தண்ணி எப்பவும் கண்ணாடி. ஒரு ஐப்பசி அடைமழையில, நாலாம் நாள் காலையில குடத்தை வச்சா பால் தேத்தண்ணி நிறத்துல வருது. அம்மாயி குடத்தை அப்படியே கவிழ்த்துட்டாங்க. "கன்னிமாரு கெளம்பிட்டாங்க. அவங்க இல்லாத எடத்துல நமக்கு என்ன வேலை? எல்லாரும் கெளம்புங்க"ன்னாங்க.

என் அண்ணன் சிரிச்சான். நான் சிரிக்கல. எங்க பள்ளிக்கூடத்துச் சுவர்ல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கைப் படம் ஒட்டியிருந்துச்சு: நிலத்துல, சுவர்ல புது வெடிப்பு, சாயுற மரம், திடீர்னு கலங்குற ஊத்து, புதுசா கிளம்புற ஊத்து, வத்திப் போற ஊத்து. மண்ணுக்குள்ள தண்ணி ஊறி ஊறி மண்ணு இளகித் தடம் மாறும்போது ஊத்து கலங்கும். 2014 அக்டோபர் 29ல கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்தோட மண்ணு மூடின பிறகு இந்தப் பக்கத்துல யாரும் அந்தப் படத்தைப் பாக்காம தாண்டிப் போறதில்ல. வெளிய வந்து பாத்தேன். கடைசிக் காம்பராச் சுவர்ல என் விரல் நுழையுற அளவுக்கு வெடிப்பு.

அண்ணன் அம்மாயி பேச்சைக் கேக்கல, நான் வெடிப்பைக் காட்டினதும் கேட்டான். பக்கத்துக் காம்பரா பெரியம்மா வெடிப்பைப் பத்திச் சொன்னப்போ அசையல, கன்னிமாரு போயிட்டாங்கன்னதும் சாமி படத்தைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா கெளம்பினாங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துல தங்கினோம். ரெண்டாம் ராத்திரி மலை இறங்குச்சு. மூணு காம்பரா போச்சு, ஆளுக்கு ஒன்னும் இல்ல.

மஸ்கெலியா மாமா, உங்க அப்பா பேச்சு பெருசா மருமகன் பேச்சு பெருசான்னு தவிக்கிறீங்க போல. எனக்கு அன்னைக்கு ரெண்டும் ஒரே வாய் பேசின மாதிரிதான் கேட்டுச்சு.

---

எலிய அக்கா

தங்கச்சி, உன்னோடதை ரெண்டு தடவை வாசிச்சேன். அந்த ஊத்து, அந்தக் கல்லுங்க என்ன ஆச்சு?

---

ஊத்தடி பேத்தி

ஊத்து மண்ணுக்குள்ள போயிடுச்சு அக்கா. ஆறு மாசம் கழிச்சு நூறு அடி கீழ, வாழைக்குப் பக்கத்துல கசிய ஆரம்பிச்சுச்சு. கல்லு தேடினதுல அஞ்சுதான் கெடைச்சது. அம்மாயி அதைக் கழுவி அங்க கொண்டு போய் நட்டு, "மத்த ரெண்டு பேரும் வழியில இருக்காங்க, வருவாங்க"ன்னு சொல்லி ரெண்டு எடம் விட்டு வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு விளக்குதான் ஏத்துறாங்க. மழைக்காலத்துல மட்டும் நான் தினமும் காலையில போய்க் கண்ணாடி கிளாஸ்ல தண்ணி பிடிச்சு வெளிச்சத்துல பாத்துட்டு வர்றேன்.

---

மஸ்கெலியா மாமா

அக்கா, மகளோட எப்ப மறுபடி போறீங்க? டிசம்பர் போயாவுக்கு, அதான் பௌர்ணமிக்கு, சிவனொளிபாத சீசன் திறக்குது, மருமகனும் நானும் நுவரெலியா வழியாத்தான் வர்றோம். பையன் அந்தப் பாறைக் குழியைப் பாக்கணும்னு இப்பவே கேட்டுட்டு இருக்கான், உள்ள அந்தக் கல்லு இன்னும் சுத்துதான்னு பாக்கணுமாம்.