மணிச் சத்தம் இல்லை

குழு: முத்தையன்கட்டு வீடு

வியாழன்

பெரியண்ணா (மாலை 6.40): பிள்ளைகள், மாடுகள் இன்றும் பட்டிக்கு வரவில்லை. இது இரண்டாம் நாள். தொலையவில்லை, களவு போகவில்லை, குளக்கட்டுக்குக் கீழே தரவையில் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கின்றன. சாய்த்துப் பார்த்தேன். பத்தடி நடந்துவிட்டு நின்று ஒன்றையொன்று பார்க்கின்றன. இப்படி ஒரு நாளும் இல்லை.

சின்னண்ணா: நாயை விட்டுச் சாயுங்கோ

ரஞ்சி அக்கா: ஐயோ. விதைத்த வயலுக்குள் இறங்கினால்?

பெரியண்ணா: அதுதான் பயம். காலபோக நெல் விதைப்புக் கூட்டத்தில் மாடுகளைக் கட்டச் சொன்ன திகதி போய் ஐந்து நாள். பிடித்துக் கட்டினால் தண்டம் நாங்கள்தான் கட்ட வேண்டும்.

ரஞ்சி அக்கா: அப்பாவின் 31 ஆம் நாள் கிரியைக்குக் கீரிமலைக்கு எத்தனை பேர் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. வான்காரர் இரண்டு தரம் எடுத்துவிட்டார்

நீங்கள்: நான் கிளிநொச்சியில் ஏறுவேன். ஒரு சீற்

அத்தான்: நானும் ரஞ்சியும் 2

சின்னண்ணா: அண்ணா, இதற்குத்தான் சொன்னேன். அப்பா இருந்தார், பார்த்தார். இனி யார் பார்ப்பது? 31 முடிந்த கையோடு கொடுத்துவிடுவோம்.

பெரியண்ணா: நான் பார்க்கிறேன்தானே.

சின்னண்ணா: பார்த்துத்தான் இரண்டு நாளாகத் தரவையில் நிற்கின்றன 😀

நீங்கள்: சின்னண்ணா

பெரியண்ணா (7.15): தம்பி, நீ பட்டியைக் கடைக்கணக்குப் போல் பார்க்கிறாய். எல்லோரும் நினைப்பது போல் பலமான மாடு முன்னுக்குப் போவதில்லை. அரசிப் பசுவை எடு. தொட்டியடிக்கு அவள் வந்தால் வெள்ளையன் நாம்பன்கூட ஒதுங்குவான், முட்டக்கூடத் தேவையில்லை, தலையைக் கொஞ்சம் பதித்துக் காட்டினால் போதும். ஆனால் பின்னேரம் அவள் வீட்டுப் பக்கம் நடந்தால் ஒரு கண்டுகூடப் பின்னால் போகாது. கள்ளி நடந்தால் நாலு போகும், அதுவும் வேலிப் பொட்டு தேடி அடுத்தவன் பயிருக்கு. வெள்ளையன் பெயருக்குத்தான் பெரியவன், பொலித்தீன் பை ஒன்று பறந்தால் பசுக்களுக்கு நடுவே போய் ஒளிவான். சுட்டியனின் தாய் இருக்கிறாளே, மற்றவை தண்ணீருக்குப் போகும்போது அவள்தான் கண்டுகளோடு நிற்பாள், ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தன்பாட்டில் காவல். இந்த இருபத்தைந்து நாளாக விடிய விடியப் போய் நின்று பார்க்கிறேன். அப்பா ஏன் மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துச் சாப்பிட்டார் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அண்ணி: இஞ்சருங்கோ, சாப்பாடு ஆறுகிறது. போனை வைத்துவிட்டு வாருங்கோ

அத்தான்: 😂😂

கனடாச் சித்தப்பா: தம்பி எழுதியது அவ்வளவும் உண்மை. மகள் சனி ஞாயிறில் ஒரு குதிரைப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள் என்று சொன்னேன்தானே. (சம்பளம் பரவாயில்லை.) அங்கே ஐந்து குதிரை. ஒரு சாம்பல் நிறப் பெட்டை காதைப் பின்னுக்கு மடித்தால் மற்ற நாலும் வைக்கோலை விட்டு விலகுமாம். ஆனால் புல்வெளியில் ஓர் இடத்திலிருந்து மற்ற இடத்துக்கு நடக்கத் தொடங்குவது வேறொன்று, வயதுபோன பழுப்புக் குதிரை. அது நடந்தால் சாம்பல்காரியும் பின்னால் வருவாளாம். இன்னொன்று. குதிரை நின்றபடியே நித்திரை கொள்ளும், அது தெரியும்தானே. ஆனால் ஆழ்ந்த நித்திரைக்குப் படுக்கத்தான் வேண்டும். அப்படி ஒன்றிரண்டு படுத்தால் ஒன்று மட்டும் படுக்காமல் பக்கத்தில் நிற்குமாம். இலையான் தொல்லை என்றால் இரண்டு இரண்டாகத் தலை மாறி வால் மாறி நின்று ஒன்றின் முகத்தை மற்றது வாலால் விசிறிவிடும்.

சின்னண்ணா: சித்தப்பா, இங்கே மாடு வெளியில் நிற்கிறது, அங்கே குதிரை நித்திரை

கனடாச் சித்தப்பா: கதையைக் கேள் தம்பி. போன மாதம் ஒரு குதிரையை லொறியில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் சோடி மூன்று நாள் வேலியோரமாக அங்குமிங்கும் நடந்து மண்ணில் ஒரு பாதையே விழுந்துவிட்டதாம். மகள் படம் அனுப்பினாள், தேடி எடுத்துப் போடுகிறேன்.

அத்தான்: நெடுந்தீவுக் குதிரைகளும் அப்படித்தான். ஒரு ஆண், அதோடு நாலைந்து பெட்டை, கூட்டம் கூட்டமாகத்தான் நிற்கும்

ரஞ்சி அக்கா: நீங்கள் குதிரையைப் பற்றிக் கதைக்க வேண்டாம்

நீங்கள்: 🤣🤣🤣

சின்னண்ணா: அத்தான், தொடை இப்போது எப்படி?

அத்தான்: அது குட்டியோடு நின்றது, எனக்குத் தெரியாது

ரஞ்சி அக்கா: குறிகாட்டுவானில் படகு ஏறும்போதே கிட்டப் போக வேண்டாம் என்று சொன்னேன். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை, தடவிப் பார்க்கப் போகிறேன் என்றார். தடவினது அதுதான்

அத்தான்: பாவம் அதுகள், கோடையில் தண்ணீர் இல்லாமல் எத்தனை செத்தது

பெரியண்ணா (8.20): சாப்பிட்டுவிட்டு ரோச் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். எண்ணினேன். 33. திரும்ப எண்ணினேன். 33. எங்களுக்கு 34.

நீங்கள்: எது இல்லை?

பெரியண்ணா: மணிச்சி. இரண்டு நாளாக அவளுடைய மணிச் சத்தமும் இல்லை. இவ்வளவு நேரம் எனக்குப் பிடிபடவில்லை பார், நானெல்லாம் மாடு பார்க்கிறேனாம்.

கோபி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நீங்கள்: கோபி என்ன போட்டு அழித்தாய்?

ரஞ்சி அக்கா: நான் பார்த்தேன். "மில் வளவு" என்று இருந்தது

பெரியண்ணா: கோபி

பெரியண்ணா: கோபி!!

சின்னண்ணா: அவனை ஏசாதீர்கள். நான்தான் கட்டச் சொன்னேன். சனிக்கிழமை ஒருவர் வந்து ஏற்றுவார். கண்டும் இல்லை பாலும் இல்லை, பதினாலு வயதுக் கிழடு. நல்ல மாடு ஒன்றையும் தொடவில்லையே. முற்பணம் 15,000 வாங்கிவிட்டேன்.

ரஞ்சி அக்கா: யாரைக் கேட்டு?

சின்னண்ணா: இப்போது எல்லாருக்கும் மாட்டில் பாசம்

ரஞ்சி அக்கா: 2004 இல் என் கலியாணத்துக்கு இரண்டு நாகு மாடு என்று சொன்னது இன்றுவரை வரவில்லை. நான் வாய் திறந்தேனா? அதன் வழியில் இன்று எத்தனை நிற்கும் என்று ஒருக்கால் எண்ணிப் பார்

சின்னண்ணா: அக்கா, 2009 சண்டை நேரம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுத்தானே போனோம்

ரஞ்சி அக்கா: அதற்கு முதல் ஐந்து வருடம் இருந்தது தம்பி

அத்தான்: விடும் ரஞ்சி

பெரியண்ணா (8.50): எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பி, உனக்கு மறந்திருக்கும். 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா சைக்கிளில் ஒட்டுசுட்டான் பற்றைக் காடெல்லாம் அலைந்து, பின்தொடையில் எங்கள் குறி இருந்த ஒரே ஒரு செவலைப் பசுவைக் கண்டுபிடித்தார். ஆளைக் கண்டால் ஓடும் காட்டு மாடாகிப் போயிருந்தது. கூட்டிவர ஆறு நாள். அதன் வயிற்றில் இருந்ததுதான் மணிச்சி. 2022 மார்கழியில் மண்டூஸ் புயல் நேரம் வடக்குக் கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன, எங்களுடையதில் 4 மட்டும்தான். ஏன்? மற்ற மாடுகள் வெளியில் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்க, இவள் அந்த மழைக்குள் பாலை மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் போனது தப்பியது. சண்டை பிடிக்க மாட்டாள், தொட்டியில் கடைசியாகத்தான் தண்ணீர் குடிப்பாள். பால் கணக்கில் அவள் கிழடுதான். ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு அவள் தலையை நிமிர்த்தி ஓர் அடி வைத்தால்தான் மற்ற 33 உம் காலெடுத்து வைக்கும். அவளை ஏற்றிவிட்டு மிச்சத்தை நல்ல விலைக்கு விற்கலாம் என்று நினைக்கிறாய், மிச்சத்தைப் பிடிக்கவே உன்னால் முடியாது.

கனடாச் சித்தப்பா: 👏 இதைத்தான் மகளும் சொன்னாள்

சின்னண்ணா: சரி. எனக்குத் தெரியாது என்று வையுங்கள்

நீங்கள்: மணி எங்கே? கழுத்தில்தானே கட்டியிருக்கும், மில் வளவு நாலு வேலி தள்ளித்தானே, சத்தம் கேட்டிருக்குமே

பெரியண்ணா: அதைத்தான் சொல்ல வந்தேன். மாட்டுக் கொட்டிலில் அப்பாவின் சேட்டு மாட்டுகிற ஆணியில் மணி தொங்குகிறது. கயிறு அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்திருக்கிறான்.

கோபி: தாத்தாவின் மணி அப்பா. அதையும் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று கழற்றினேன்

அண்ணி: பொடியன் அழுகிறான். ஒருத்தரும் இனி ஒன்றும் சொல்ல வேண்டாம்

ரஞ்சி அக்கா: கோபி ராசா ❤️

கனடாச் சித்தப்பா: 📷 படம்

கனடாச் சித்தப்பா: மன்னிக்கவும், இது மருமகனின் புதுக் கார். குதிரைப் படம் பிறகு

வெள்ளி

கோபி (காலை 6.05): 📷 படம்

கோபி: விடியவே அவிழ்த்துக் கொண்டுபோனோம்

பெரியண்ணா: படத்தில் ஒன்றும் தெரியாது, பனி. நான் சொல்கிறேன். மணிச்சி தரவையில் இறங்கியதும் முதலில் வந்தது அந்த இரண்டு கிடாரிகள், எப்போதும் ஒட்டிக்கொண்டு ஒன்றின் கழுத்தை ஒன்று நக்கிக்கொண்டு நிற்கிறதுகள். அவளை மணந்து பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக. அரசி மட்டும் வரவில்லை, தூர நின்று மூச்சை ஊதினாள். மணிச்சி அவளைப் பார்க்கவே இல்லை, திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். அவ்வளவுதான், நாய் இல்லை, தடி இல்லை, வாய்க்கால் கரையோடு ஒரே வரிசை. அரசி ஆறாவதாக வந்தாள், வெள்ளையன் கடைசிக்கு முதல், கடைசியில் கண்டுகளோடு சுட்டியனின் தாய். படலையடியில் மணிச்சி நின்று, கயிறு கிடந்த கழுத்தைக் கப்புத் தூணில் உரசினாள். அரிப்பாக இருக்கும்.

அண்ணி: 34?

பெரியண்ணா: 34.

ரஞ்சி அக்கா: நாகதம்பிரானே. புதூர்க் கோயிலுக்கு நேர்ந்திருந்தேன்

நீங்கள்: மணியைத் திரும்பக் கட்டவில்லையா?

கோபி: அப்பா கட்டச் சொல்லவில்லை

பெரியண்ணா: பார்ப்போம்.

சின்னண்ணா: அப்போ நாளைக்கு வருகிறவருக்கு நான் என்ன சொல்ல?

பெரியண்ணா: 31 முடியட்டும் என்று சொல்.

சின்னண்ணா: 15,000?

ரஞ்சி அக்கா: திருப்பிக் கொடு

சின்னண்ணா: அதில்தான் தறப்பாளுக்கும் கதிரைக்கும் கட்டினேன் அக்கா. உங்கள் எல்லாருடைய 31 க்கும்தான்

அத்தான்: கதிரை எத்தனை?

சின்னண்ணா: 80

அத்தான்: காணாது

ரஞ்சி அக்கா: சாப்பாடு 150 பேருக்குச் சொல்லியிருக்கிறோம், 80 கதிரையா

கனடாச் சித்தப்பா: அரைவாசியை நான் போடுகிறேன். ஆனால் மாட்டை விற்பதைப் பற்றி நான் வந்த பிறகு கதையுங்கள்

சின்னண்ணா: எப்போது வருகிறீர்கள்?

கனடாச் சித்தப்பா: பார்ப்போம்

ரஞ்சி அக்கா: வானுக்கு 11 ஆ 12 ஆ? இன்று மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும்

அண்ணி: கோபி வரமாட்டானாம். மாட்டோடு நிற்கிறானாம்

ரஞ்சி அக்கா: அப்போ 11