டைவ் கம்ப்யூட்டர் உண்மையிலேயே தேவையா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஆழ்நீலம்:
மூழ்கிய கப்பல் டைவ். மேல்தளம் 22 மீட்டர், மணல் 28. என் பார்ட்னரிடம் கம்ப்யூட்டர் (ஆழத்தையும், அங்கே இன்னும் எவ்வளவு நேரம் பாதுகாப்பாக இருக்கலாம் என்பதையும் காட்டும் மணிக்கட்டுக் கருவி) இல்லை. "உங்க கையில இருக்கே, போதும்" என்றார். நான் மேல்தளத்தோடு நின்றேன், அவர் மணல் வரை இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் என்னை நிமிர்ந்து பார்த்து, மணிக்கட்டைத் தட்டி, எவ்வளவு மீதி என்று கேட்டார். என் திரையில் 9 நிமிடம். அது என் உடம்புக்கான கணக்கு, அவருடையது இல்லை. கட்டைவிரலை மேலே காட்டி ஏற்றிவிட்டேன். அவர் கேட்ட அந்த நொடி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பழைய துடுப்பு:
டேபிள் (எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அட்டவணை), டெப்த் கேஜ் (ஆழமானி), வாட்ச் மூன்றும் இருந்தால் போதும். 20 மீட்டர் தாண்டியபோது ஒருவருக்குத் திரை அணைந்துவிட்டது. அந்தக் கண்கள்! எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. என் ஸ்லேட்டில் எல்லாம் எழுதியிருந்தது, அதை வைத்துத்தான் ஏறினோம்.

குமிழி:
பழைய துடுப்பு சார், டேபிள் தப்பென்று யார் சொன்னது? ஆனால் அதற்கு அதிகபட்ச ஆழம் மட்டும்தான் தெரியும். டைவிங் பயிற்சி அமைப்பான பி.ஏ.டி.ஐ.யின் டேபிளில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20. ஐந்தே நிமிடம் 30-ல் இருந்துவிட்டு மீதியை 12 மீட்டரில் கழித்தாலும் அதே 20 தான். கம்ப்யூட்டர் நீங்கள் நிற்கும் ஆழத்துக்கு ஏற்ப உடம்பில் கரையும் நைட்ரஜனைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஏறும் வேகம் வேறு. கயிறு இல்லை, சுற்றிலும் வெறும் நீலம், அசையாமல் நிற்கிறேன் என்றே உடம்பு சொன்னது. கம்ப்யூட்டர் கத்திய பிறகுதான் பார்த்தேன், நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறேன். இதை எந்த ஸ்லேட் சொல்லும்?

கடற்குதிரை:
எனக்குப் பெரிய கதை இல்லை, ஒருமுறை கடலில் இறங்கும் முன்பே பேட்டரி எச்சரிக்கை வந்தது, படகிலேயே இருந்துவிட்டேன். புதிதாக வாங்குபவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. சிலிண்டரில் நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை) நிரப்பினால் கம்ப்யூட்டரிலும் 32 என்று மாற்றுங்கள், காற்று என்றே விட்டுவிட்டால் ஆக்சிஜனால் வரும் ஆழ வரம்பை அது எச்சரிக்காது. மேலே ஏறும்போது 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தத்தைத் திரை கேட்காவிட்டாலும் செய்யுங்கள். தொடர்ச்சியாக டைவ் செய்தால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். தனியாக டெப்த் கேஜும் வாட்சும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பழைய துடுப்பு சொல்வது சரி. அப்புறம், ஒருவர் கட்டிய கம்ப்யூட்டரை அதே நாளில் இன்னொருவர் வாங்கிக் கட்டவே கூடாது.

ஆழ்நீலம்:
கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் நடந்தது. இரண்டாவது டைவுக்கு அவர் எங்கிருந்தோ ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, 18 மீட்டருக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறது பாருங்கள் என்று சந்தோஷமாகக் காட்டினார். அவர் காலையில் இறங்கியது அதற்குத் தெரியாது. அது காட்டியது, அன்றைக்குக் கடலில் கால் வைக்காத ஒருவருக்கான நேரம். சொன்னேன், கேட்கவில்லை. நான் அவரோடு இறங்கவில்லை.