டிரம் நீர்மட்டம்: எல்எம்ஐ ஏன் "இன்ஃபீசிபிள்" என்கிறது?

சிப்புட்_கருவிப்பகுதி
அண்ணன்மாருக்கு வணக்கம். இடம்: பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை. பாய்லர் டிரம் மட்டத்துக்கு ஸ்டேட் ஃபீட்பேக் கெயின் (ஸ்டேட்களைப் பெருக்கி வால்வுக்கு அனுப்பும் எண்கள்) கே-யை எல்எம்ஐ (லீனியர் மெட்ரிக்ஸ் இன்ஈக்வாலிட்டி) வழியாகத் தேடுகிறேன். ஸ்டெரிலைசருக்கு ஆவி திறந்ததும் டிரம் அழுத்தம் இறங்கி, குமிழி பெருத்து, மட்டம் ஏறுவதுபோல் காட்டுகிறது. ஃபீட்வாட்டர் வால்வு மூடிக்கொள்கிறது. பிறகு மட்டம் சரிகிறது.

40, 70, 100 விழுக்காட்டு லோடுக்கு மூன்று மாடல். ஸ்டேட்கள்: மட்டம் (மி.மீ.), குமிழிக் கனஅளவு (க.மீ.), மட்டப் பிழையின் இன்டெக்ரல், ஆவி இழுப்பு (படியாக மாறுவதால் டெரிவேட்டிவ் 0). உள்ளீடு வால்வு மட்டும். வலப்பாதி ஜீரோ (மட்டம் முதலில் எதிர்ப்பக்கம் போகவைப்பது) 0.05 ரேடியன்/வினாடி அருகில்.

லியாப்புனோவ் மெட்ரிக்ஸ் பி (நிலைத்தன்மையை நிரூபிப்பது), கே இரண்டையும் மாறியாகக் கொடுத்தபோது சிவிஎக்ஸ்பை (குவிவுப் பிரச்சினைகளுக்கான பைத்தான் நூலகம்) ஏற்கவில்லை. கியூ = பி இன்வர்ஸ், ஒய் = கே·கியூ என மாற்றியதும் ஏற்றது, ஆனால் "இன்ஃபீசிபிள்" (தீர்வே இல்லை). 60 வினாடியில் அடங்க ஆல்ஃபா (அடங்கும் வேகம், 4/60) 0.067. ஒரே லோடைக் கொடுத்தாலும் அதே பதில்.

லியாப்புனோவ்_வீட்டார்
மாறி மாற்றம் சரி. பி·கே பெருக்கல் இருக்கும்வரை அது குவிவுப் பிரச்சினையே இல்லை. நீங்கள் தீர்ப்பது:

ஏ·கியூ + கியூ·ஏ′ + பி·ஒய் + ஒய்′·பி′ + 2·ஆல்ஃபா·கியூ < 0

(இங்கே ஏ ஸ்டேட் மெட்ரிக்ஸ், பி உள்ளீட்டு மெட்ரிக்ஸ், ′ டிரான்ஸ்போஸ்.) கோளாறு நான்காவது ஸ்டேட்டில். ஆவி இழுப்பை வால்வு தொடவே முடியாது, அதன் ஐகன்வேல்யூ 0. அந்த ஸ்டேட்டுக்குரிய மூலைவிட்ட உறுப்பைப் பாருங்கள்: ஏ பங்கும் ஒய் பங்கும் 0, மிஞ்சுவது 2·ஆல்ஃபா·கியூ, அது பாசிட்டிவ். எந்த சால்வரும் அதை நெகட்டிவ் ஆக்க முடியாது. சால்வரை மாற்றிப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள், மாடல்தான் பேசுகிறது.

ஆவி இழுப்பை ஸ்டேட்டிலிருந்து எடுத்துவிட்டு ஃபீட்ஃபார்வர்டாகச் சேருங்கள்: ஆவி மீட்டர் காட்டும் கிலோ/வினாடிக்கு ஈடாக அதே அளவு தண்ணீர்.

சிப்புட்_கருவிப்பகுதி
மூன்று ஸ்டேட்டில் தீர்வு கிடைக்கிறது, நன்றி அண்ணா. ஆனால் கே மிகப் பெரிது, வால்வு முட்டிக்கொண்டே நிற்கும்.

லியாப்புனோவ்_வீட்டார்
கியூ, ஒய் ஒரு தீர்வென்றால் அவற்றின் பத்து மடங்கும் தீர்வே. அளவை நீங்கள்தான் கட்ட வேண்டும். முதலில் அலகுகள்: மட்டத்தை 50 மி.மீ.யால், வால்வை 20 விழுக்காட்டால், மற்றதை அதனதன் வழக்கமான ஊசலால் வகுங்கள். பிறகு கியூ ≥ ஐடென்டிட்டி என வையுங்கள். அடுத்தது ஒரு பிளாக் மெட்ரிக்ஸ்: மேல் வரிசை கியூ, ஒய்′, கீழ் வரிசை ஒய், காமா. இது ≥ 0 ஆக இருக்க, காமாவைக் குறையுங்கள். தொடக்க ஸ்டேட்டின் நீளம் 1-க்குள் இருந்தால் ஃபீட்பேக் கேட்கும் வால்வு அசைவு √காமாவைத் தாண்டாது. √காமா 1-க்கு மேல் வந்தால் ஆல்ஃபாவைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள்.

60 வினாடி ஆசையை விடுங்கள். 0.05-இல் வலப்பாதி ஜீரோ இருந்தால் கிராஸ்ஓவரை (லூப் கெயின் 1 ஆகும் அதிர்வெண்) 0.025-க்குக் கீழே வைப்பதே பாதுகாப்பு. ஆல்ஃபா 0.01, அதாவது சுமார் 400 வினாடி, நியாயமான தொடக்கம். மூன்று லோடுக்கும் ஒரே கியூ, ஒரே ஒய் என்பதால், இடைப்பட்ட மாடல் இந்த மூன்றின் கலவையாக இருக்கும்வரை லோடு இடையில் நகர்ந்தாலும் உத்தரவாதம் நிற்கும். விலையாகக் கொஞ்சம் வேகம் போகும்.

ஃபீட்வாட்டர்_தம்பி
குமிழிக் கனஅளவை அளக்க மீட்டர் இல்லையே? கால்மன் ஃபில்டரால் ஊகித்தால், ஸ்டேட் ஃபீட்பேக் தந்த மார்ஜின் (மாடல் பிழையைத் தாங்கும் இடைவெளி) அப்படியே வராது. எல்கியூஜிக்கு (கால்மன் ஃபில்டரோடு சேர்ந்த உகந்த ஸ்டேட் ஃபீட்பேக்) உறுதியான மார்ஜின் கிடையாது என்று 1978-இல் ஜான் டாயில் காட்டிவிட்டார். ஃபில்டர் வைப்பதானால் மூன்று லோடிலும் சென்சிட்டிவிட்டி உச்சம் (லூப் இடையூறை அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) 2-க்குள் இருக்கிறதா பாருங்கள்.

ஃபில்டரே வேண்டாமென்றால்: ஒய்-யில் குமிழிக்குரிய இடத்தை 0 ஆக்கி, கியூவில் குமிழிக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான உறுப்புகளையும் 0 ஆக்குங்கள். அப்போதுதான் கே-யில் அந்த இடம் 0 ஆகும்; ஒய்-யை மட்டும் 0 ஆக்கினால் கியூ இன்வர்ஸ் அதை மறுபடி நிரப்பிவிடும். குமிழி தானே அடங்கும் ஸ்டேட், அதன் வேகம் ஆல்ஃபாவைவிட அதிகம் என்பதால் இது இங்கே செல்லும். மிஞ்சுவது சாதாரண பிஐ (மட்டப் பிழை, அதன் இன்டெக்ரல் மட்டும்), இருக்கும் கன்ட்ரோலரிலேயே போடலாம். வால்வு முட்டும்போது இன்டெக்ரலை நிறுத்த மறக்காதீர்கள். எல்எம்ஐக்கு அது தெரியாது.