அலங்கார வெங்காயப் பூவும் யாழ்ப்பாணத்து வெயிலும்: எங்கள் வளவு அனுபவங்கள்

உரும்பிராயிலிருந்து:

தங்கையைப் பார்க்க ரொறன்ரோ சென்றிருந்த ஓர் ஆனி மாதத்தில், அவளுடைய வீட்டு முன்றிலில் இடுப்பளவு உயர்ந்த தண்டின் முனையில் ஊதா நிறப் பந்தைப்போல் ஒரு பூ நிற்பதைக் கண்டேன். இலையை நுள்ளி முகர்ந்தபோது வெங்காய மணம் வந்தது. வெங்காயமும் உள்ளியும் அடங்கிய அல்லியம் இனத்தைச் சேர்ந்த அதனைப் 'பர்ப்பிள் சென்சேஷன்' என்ற பெயரில் விற்கிறார்கள் என்றும், பனிக்கு முன்பே, புரட்டாசி ஐப்பசியில், கிழங்கை நிலத்தில் புதைத்துவிட வேண்டும் என்றும் அவள் சொன்னாள். வெங்காயத் தறைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, அந்தக் குடும்பத்தில் இப்படியும் ஒரு பூ உண்டு என்பது பெரும் வியப்பாக இருந்தது.

ஊர் திரும்பியபின், உரிய அனுமதியுடன் இறக்குமதி செய்யப்பட்டவை என்று கூறிக் கொழும்பில் விற்ற ஒருவரிடம் ஐந்து கிழங்குகள் வாங்கி, ஐப்பசியில் செம்மண்ணில் மாட்டெரு இட்டு நட்டேன். மாரி மழையில் மூன்று அழுகிவிட்டன. மற்ற இரண்டும் அகன்ற இலைகளை விட்டன. தை மாதத்தில் இலைகளின் நடுவே விரல் நீளத்தில் மொட்டுத் தெரிந்தது, ஆனால் தண்டு அதற்குமேல் எழவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. இவ்வகைச் செடிகளின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச்சாரல்கள். பூவின் கரு கிழங்குக்குள்ளேயே உருவாகிவிட்டாலும், பல வாரங்கள் கடுங்குளிர் பட்ட பின்னரே தண்டு நீளும். மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான எங்கள் ஊரில் அந்தக் குளிரை நாமே கொடுக்க வேண்டும்.

ஆகவே அடுத்த ஆண்டு புதிதாக மூன்று கிழங்குகள் வாங்கி, காகிதப் பையில் உலர்ந்த மணலோடு இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் 14 வாரங்கள் வைத்திருந்தேன். பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூக்கருவைக் கெடுத்துவிடும் என்பதால், அந்த நாள்களில் வாழைப்பழமோ அப்பிளோ பெட்டிக்குள் வைக்க வீட்டில் எவரையும் நான் விடவில்லை. மார்கழி நடுவில் செங்கல் துண்டுகளும் மணலும் கலந்த மண்சாடியில் நட்டு, மழை படாதபடி விறாந்தை ஓரத்தில் வைத்தேன். மாசி இறுதியில் ஒன்று மட்டும் பூத்தது. தண்டு முழங்காலைத் தாண்டவில்லை. பூ ஒரு தோடம்பழம் அளவே இருந்தது. எட்டு நாள்களில் வெயில் அதை வெளிறச் செய்துவிட்டது. ஆயினும் அந்த எட்டு நாள்களும் காலையில் எழுந்ததும் நான் முதலில் போய் நின்ற இடம் அந்தச் சாடியடிதான்.

சித்திரையில் கிண்டிப் பார்த்தபோது கிழங்கு நட்டதில் பாதியாகச் சுருங்கியிருந்தது. இலைகள் வெக்கையில் விரைவாகக் கருகிவிடுவதால் அடுத்த பூவுக்கான உணவைச் சேர்க்க அதற்குக் காலம் போதவில்லை. இங்கே அது ஒரு முறை பூத்து முடியும் பூ என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்: ஆசைக்காகக் கூட இந்தக் கிழங்குகளைப் பயணப் பெட்டியில் கொண்டுவராதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது வெறும் கெடுபிடிக்காக அல்ல. வெங்காயத்தைத் தாக்கும் அழுகல் பூஞ்சணங்கள் அதன் உறவுக் கிழங்குகளிலும் ஒளிந்து வரக்கூடும். சில வகைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். என் வேலிக்கு அப்பால் வேதாளன் என்ற சின்ன வெங்காய வகையை நட்டுப் பிழைக்கும் குடும்பம் இருக்கிறது. அழுகிய மூன்று கிழங்குகளையும் நான் எருக்குழியில் போடாமல் எரித்துவிட்டேன்.

கோண்டாவிலிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்தபின் என் அம்மாவின் நினைவு வந்தது. சின்ன வெங்காயத்தில் பூந்தண்டு கண்டால், கிழங்கு சிறுத்துவிடும் என்று மொட்டு விரியுமுன் ஒடித்து வறை செய்துவிடுவார். அதனால் அந்தப் பூ விரிந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருடங்களாகக் கிணற்றடியில் சில வெங்காயங்களை ஒடிக்காமல் விடுகிறேன். ஊதா நிறம் இல்லை, பச்சை கலந்த வெள்ளைதான். ஆனால் நூற்றுக்கணக்கான சிறு நட்சத்திரங்கள் சேர்ந்த அதே உருண்டை, காலை முழுவதும் தேனீக்களுடன் நிற்கும்.

பருத்தித்துறையிலிருந்து:

எங்கள் மணற்பாங்கான நிலத்தில் நான் வைத்திருப்பது துல்பாகியா. அல்லியம் அல்ல, தென்னாபிரிக்காவிலிருந்து வந்த அதன் உறவு. இலையைக் கசக்கினால் உள்ளி மணக்கும், மெல்லிய ஊதாப் பூக்கள் கொத்தாக வரும். குளிரூட்டத் தேவையில்லை, வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். மாரி முடிந்ததும் குத்துகளைப் பிரிக்கப் போகிறேன். உரும்பிராய் அக்காவுக்கு ஒரு குத்து எடுத்து வைக்கிறேன்.