கலைச்சொல்: பூங்காவா, மையமா, பேட்டையா?

வணக்கம்.

நகரமைப்புப் பாடநூல் ஒன்றின் சொற்பட்டியலில் ஒரு சிக்கல். அரசே நிலமும் பணமும் வரிச்சலுகையும் கொடுத்து, ஆய்வுக்கூடங்களையும் பல்கலைக்கழகத்தையும் புத்தொழில் நிறுவனங்களையும் ஓரிடத்தில் கொண்டுவந்து அமர்த்துகிறதே, அந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது? நூலில் வரும் எடுத்துக்காட்டு மாஸ்கோவின் மேற்கு விளிம்பில் உள்ள ஸ்கோல்கோவோ. 'இன்னோவேஷன் ஹப்' என்றும் 'இன்னோவேஷன் சென்டர்' என்றும் மூலம் மாற்றி மாற்றி எழுதுகிறது. முதல் வரைவில் 'புத்தாக்க மையம்' என்று போட்டோம். விளைவைப் பாருங்கள்:

> புத்தாக்க மையத்தின் மேலாண்மை மையம், அடைகாப்பு மையத்தில் உள்ள நிறுவனங்களுக்குக் கருவி மையத்தைத் திறந்துவிடுகிறது.

ஒரே வரியில் நான்கு மையம். எது ஊர், எது அலுவலகம், எது கருவிக் கொட்டகை என்று படிக்கிறவருக்குப் பிடிபடாது. 'பூங்கா' என்றே வைத்துவிடலாமா? வேறு சொல் இருக்கிறதா?

—கு.

———

கு. ஐயா,

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ஸ்கோல்கோவோவுக்கென்றே 2010 செப்டம்பர் 28 அன்று 244ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதன் வரையறைப் பிரிவு, 'மையம்' என்பதை நிலம் என்று சொல்லவில்லை. அந்த நிலப்பரப்பில் உள்ள கட்டமைப்பும், திட்டத்தில் ஈடுபடுவோர் தமக்குள் சேர்ந்து செயல்படும் வழிமுறைகளும் சேர்ந்த தொகுதியே மையம் என்கிறது. நிலத்துக்குத் தனிச்சொல், நடத்தும் நிறுவனத்துக்குத் தனிச்சொல், சலுகை பெறும் நிறுவனத்துக்குத் தனிச்சொல் என்று வைத்திருக்கிறார்கள். வெளியார் இந்த நான்கையும் 'ஸ்கோல்கோவோ' என்றே எழுதிவிடுகிறார்கள். நம் குழப்பத்தின் வேர் அங்கேதான்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. அறிவிப்பு வந்தபோது அங்கே இருந்தது ஏறத்தாழ 400 எக்டேர் வெற்றுவெளி. ஆரெப் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் நகரமைப்புத் திட்டம் தேர்வானது 2011இல். முதல் கட்டடமான ஹைப்பர்கியூப் எழுந்தது 2012இல். கட்டடம் வந்தபின்தான் சலுகை என்றால் இரண்டாண்டு சும்மா போயிருக்கும். ஆகவே வரிச்சலுகையை நிலத்தில் கட்டாமல் தகுதியில் கட்டினார்கள். ஆய்வுக்காக மட்டுமே நிறுவப்பட்ட உருசிய நிறுவனமாக இருக்க வேண்டும். தகுதி 10 ஆண்டுக்கு. நிர்வாக அலுவலகம் அந்த நிலத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியைத் தள்ளிப்போட்டார்கள். அதனால் முதல் கட்டடம் முடிந்த வேளையில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் காகிதத்தில் 'ஸ்கோல்கோவோ நிறுவனங்கள்' ஆகியிருந்தன.

எனவே நமக்கு ஒரு சொல் போதாது. இடம், அமைப்பு, தகுதி மூன்றுக்கும் மூன்று வேண்டும். ஒரு வேரிலிருந்து மூன்றும் கிளைத்தால் நல்லது.

—வ.

———

வ. ஐயா சொன்னதோடு 'ஹப்' பற்றி ஒன்று.

ஹப் என்பது வண்டிச்சக்கரத்தின் நடுவில் உள்ள குடம். குடத்தைச் சுற்றித் துளையடித்து 12 ஆரக்கால் செருகுவார்கள். ஆரக்காலின் மறுமுனை வெளிவளையமான வட்டையில் ஏறும். வட்டைக்கு மேலே இரும்புப் பட்டா. வண்டிச்சுமை முழுதும் அச்சிலிருந்து குடத்துக்கு இறங்கி ஆரக்கால் வழியே தரைக்குப் போகும். குடம் மட்டும் மண்ணைத் தொடாது. ஆக, வெளியே பரந்திருப்பவற்றைப் பிணைப்பதுதான் ஹப்பின் வேலை. மதுரை, ஈரோடு, திருநெல்வேலியில் தமிழ்நாட்டுப் புத்தொழில் இயக்கம் வைத்த வட்டார மையங்கள் அந்தப் பொருளில் சரியான ஹப். சுற்றியுள்ள மாவட்டங்களுக்கு அவை குடம்.

ஸ்கோல்கோவோ அப்படியல்ல. அது எல்லை போட்ட நிலம். இருக்கிறவர்களைப் பிணைப்பதைவிட, இல்லாதவர்களைக் கொண்டுவந்து அமர்த்துவதுதான் அதன் நோக்கம். ஆங்கிலம் இரண்டையும் ஹப் என்று சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டியதில்லை. 'மையம்' ஹப்புக்கே இருக்கட்டும்.

குடியேற்றி அமர்த்தும் நிலத்துக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: அச்சுவேலி கைத்தொழிற்பேட்டை. உங்களிடம் கிண்டித் தொழிற்பேட்டை. ஏன் 'ஆய்வுப்பேட்டை' ஆகக் கூடாது?

—ந., யாழ்ப்பாணம்

———

பேட்டை வேண்டாம் ஐயா.

கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் வந்தது. பேட்டை என்றதும் கடைசல் எந்திரமும் தகரக்கூரையும் கண்ணில் வரும். குவாண்டம் ஆய்வு நடக்கும் இடத்தைப் பேட்டை என்றால் அமைச்சரும் ஏற்கமாட்டார், முதலீட்டாளரும் ஏற்கமாட்டார். பூங்கா ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. 2000இல் திறந்த டைடல் பூங்காவுக்குப் பிறகு ஆட்டோ ஓட்டுநர்வரை அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். தைவானின் சின்சூ அறிவியல் வளாகப் பெயரில் வரும் சீன எழுத்துக்கும் தோட்டம் என்றே பொருள். அவர்களுக்குத் தோட்டம் பொருந்தினால் நமக்குப் பூங்கா பொருந்தாதா?

—பா.

———

பா. அம்மா,

ஆட்டோ ஓட்டுநர் சொல்வது 'டைடல் பார்க்'. அந்தப் பூங்கா பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது.

கேலி போகட்டும். 'பார்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் வேலி போட்டு அடைத்த நிலம். பூவும் மரமும் பின்னால் வந்தவை. பூங்கா என்பதோ பூ, கா இரண்டும் சேர்ந்த சோலை. அதில் வேலி இல்லை, குத்தகை இல்லை, நிபந்தனை இல்லை. ஆய்வு வளாகத் திட்டத்தின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. சின்சூவையே எடுங்கள். 1980இல் திறந்தது முதல் நிலம் குத்தகைக்கு மட்டும், விற்பனைக்கு இல்லை. அரசின் தொழில்நுட்ப ஆய்வுக்கழகம் 1973இலிருந்தே அதே ஊரில் இருந்தது. அந்தக் கழகத்திலிருந்து 1987இல் பிரிந்து வந்த சில்லு நிறுவனம் டி.எஸ்.எம்.சி. இன்று எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. நிலத்தை விற்றிருந்தால் விலை ஏறும்போது கைமாறி, ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் கிடங்கு வந்திருக்கும்.

தகரக்கூரை பற்றி: ஸ்டான்ஃபோர்டில் 1951இல் தொடங்கிய வளாகத்தின் முதற்பெயர் ஸ்டான்ஃபோர்டு இண்டஸ்ட்ரியல் பார்க். பிறகு முன்பாதியை மட்டும் மாற்றி 'ரிசர்ச்' என்று வைத்தார்கள், பின்பாதி அப்படியே. கொரியாவிலும் இதே கதை. தொழிற்பேட்டைக்கு 'கோங்கொப் தான்ஜி', 1973இல் உருவான தேதொக் ஆய்வு வளாகத்துக்கு 'யோன்கு தான்ஜி'. தான்ஜி இரண்டுக்கும் பொது. அவர்களுக்கு அதில் கௌரவக் குறைவு தோன்றவில்லை. தொழிற்பேட்டை, ஆய்வுப்பேட்டை என்று நாமும் முன்பாதியை மாற்றுகிறோம், அவ்வளவே.

கூடுதலாக, பேட்டை என்பது கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் கூடிக் குடியமர்ந்த பகுதி. கொழும்பில் ஆங்கிலேயர் 'பெட்டா' என்று எழுதியதை ந. ஐயா ஊர்க்காரர்கள் புறக்கோட்டை என்பார்கள். அரசின் அணைப்பில், ஆனால் அரண்மனைக்கு வெளியே. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

—வ.

———

சரி, பேட்டைக்கு ஒரு சோதனை வைக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி.யின் ரிசர்ச் பார்க்கை என்ன சொல்வீர்கள்? தரமணியில் 11 ஏக்கரைச் சற்றே தாண்டிய நிலம், 12 இலட்சம் சதுர அடி. அடுக்குமாடி. பேட்டை என்றால் மனைமனையாகப் பிரித்த தரை அல்லவா?

—பா.

———

அதுவும் பேட்டைதான். மனை இல்லாமல் மாடி இருப்பதால் இயல்பு மாறாது. உள்ளே வருகிறவருக்கு நிபந்தனை உண்டா என்பதே உரைகல். அங்கே இடம் எடுத்த நிறுவனம், எடுத்த பரப்புக்கு ஏற்ப ஆண்டுதோறும் புள்ளி ஈட்ட வேண்டும். பேராசிரியரோடு கூட்டாய்வு, மாணவருக்குப் பயிற்சி இடம், தம் ஊழியரை மேற்படிப்பில் சேர்ப்பது, இப்படி. இந்தப் புள்ளிமுறை இல்லாவிட்டால் சந்தையை ஒட்டிய வாடகை தருகிற எந்த அலுவலகமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், கட்டடம் நிரம்பிவிடும், ஆய்வு நடக்காது. பேட்டை நிர்வாகிக்கு அது உறைக்கவும் செய்யாது, ஏனென்றால் வாடகைக் கணக்கு அழகாக இருக்கும்.

அந்தப் புள்ளிக்கும் சொல் வேண்டும். 'ஈடுபாட்டுப் புள்ளி' என்று முன்மொழிகிறேன்.

—வ.

———

ஈடுபாட்டுப் புள்ளி நன்று, ஏற்கிறேன். பேட்டையையும் அரைமனதாக ஏற்கிறேன்.

ஆனால் 'அடைகாப்பு மையம்' போக வேண்டும். புதிய நிறுவனங்களைத் தொடக்கத்தில் வைத்து வளர்க்கும் 'இன்குபேட்டர்' அது. மையம் இன்னொன்று என்பது மட்டும் காரணமல்ல. முட்டை எப்போது பொரியும் என்பதை முட்டைதான் முடிவு செய்கிறது. இந்த இடங்களிலோ காலக்கெடு உண்டு. குறித்த காலத்துக்குப் பிறகு நிறுவனம் வெளியேறியே ஆக வேண்டும். அதற்குப் பொருத்தம் நாற்றங்கால். நெல் நாற்றை 20, 25 நாளில் பிடுங்கி நட வேண்டும். தள்ளிப்போட்டால் நாற்று முற்றும், நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. மலிவு வாடகையில் ஏழெட்டு ஆண்டு உட்கார்ந்திருக்கும் புத்தொழிலுக்கு நேர்வது இதுதான். வெளியேறுவதை 'பட்டம் பெறுதல்' என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். நாற்றங்கால் வந்துவிட்டால் அது 'நடவு'. தனியே மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

—பா.

———

நாற்றங்கால், நடவு இரண்டும் அருமை அம்மா. 'நடவு விளிம்பு' என்று இன்னொன்றும் வரும். ஸ்கோல்கோவோவில் வரிவிலக்கு முடிய ஒரு வரம்பு வைத்தார்கள்: ஆண்டு வருவாய் 100 கோடி ரூபிளைத் தாண்டி, அதன்பின் சேரும் இலாபம் 30 கோடி ரூபிளை மீறினால் விலக்குப் போய்விடும். கால அளவில் மட்டுமன்றிப் பண அளவிலும் நடவு வரலாம் என்பதற்கு அது சான்று.

சலுகை பெறும் நிறுவனத்தைச் சொல்லும் 'ரெசிடென்ட்' என்பதை 'குடியிருப்பாளர்' என்று எழுதாதீர்கள். உருசியச் சட்டத்தில் உள்ளது 'திட்டப் பங்கேற்பாளர்'. தொடக்கத்தில் உள்ளே கால் வைக்காமலே தகுதி பெற முடிந்தது என்பதை மேலே பார்த்தோம்.

—ந.

———

இதுவரை வந்த சொற்களைப் பத்தியில் போட்டுப் பார்த்தேன். இடறும் இடத்தைச் சொல்லுங்கள்.

> ஆய்வுப்பேட்டைக்கு இடம் தேர்வதற்கு முன் நிலத்தின் அதிர்வை அளக்க வேண்டும். மின்னணு நுண்ணோக்கி போன்ற கருவிகளுக்கு நொடிக்கு 3 மைக்ரோமீட்டர் அளவிலேயே வரம்பு வந்துவிடும். சரக்குந்துச் சாலையோ மெட்ரோ சுரங்கமோ பக்கத்தில் இருந்தால் இதைத் தாண்டும். அப்போது கருவிக்கூடத்தைத் தரைத்தளத்தில், கட்டடத்திலிருந்து பிரித்த தனித் தளப்பலகையில் அமைக்க வேண்டும்; வெற்றிட எக்கிகளுக்கும் குளிரூட்டிகளுக்கும் வேறு அடித்தளம்.
>
> தூசற்ற அறை (காற்றை வடிகட்டித் தூசைக் குறைத்து வைக்கும் ஆய்வறை) உண்டா இல்லையா என்பதைக் கட்டட வரைபடத்துக்கு முன்பே முடிவு செய்க. அலுவலகத்துக்கென 4 மீட்டர் உயரத்தில் கட்டிய தளத்தில் பின்னால் அதைச் செருக முடியாது. மேலே வடிகட்டிகளுக்கான காற்றறை, கீழே காற்றைத் திருப்பும் துளைத்தளம் இரண்டும் போனால் கருவி நிற்க உயரம் எஞ்சாது.
>
> போக்குவரத்தைக் கடைசிக்கு விடக் கூடாது. சப்பான் அரசு சுக்குபாவை 1963இல் முடிவு செய்து, 1980க்குள் ஆய்வு நிறுவனங்களைக் குடியேற்றியது. தோக்கியோவின் அக்கிஹபாராவிலிருந்து 45 நிமிடத்தில் சேரும் நேரடித் தொடர்வண்டி வந்தது 2005இல். ஸ்கோல்கோவோவுக்குப் புறநகர் நிலையம் 2019இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அறிவியலர் வந்தாலும், அவர்தம் குடும்பம் வரத் தயங்கும்.
>
> வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்தால், அது முறிந்தாலும் பாடத்திட்டமும் கருவிகளும் தன் கையில் நிற்குமாறு எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்கோல்கோவோவின் பல்கலைக்கழகம் 2011இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் துணையோடு தொடங்கியது. உக்ரைன் போர் மூண்டதும் 2022 பிப்ரவரியில் எம்.ஐ.டி. விலகிக்கொண்டது.

—கு.

———

பத்தி ஓடுகிறது. ஓரிடம் மட்டும் இடறல்: 'தூசற்ற அறை'. காற்றுத் தூய்மைக்கான ஐ.எஸ்.ஓ. தரத்தின் 5ஆம் வகுப்பில் கன மீட்டருக்கு அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலுமான துகள் 3,520 வரை இருக்கலாம். 3,520 தூசு உள்ள இடத்தைத் தூசற்றது என்று பாடநூலில் எழுதினால் கேள்வி வரும். 'தூயறை' போதும்.

'பொதுக் கருவி மையம்' இன்னும் பட்டியலில் இருக்கிறதே? அங்கே விலையுயர்ந்த கருவிகளை எல்லா நிறுவனங்களும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும். 'பொதுக் கருவிக்கூடம்' என்று மாற்றுங்கள்.

—பா.

———

மாற்றிவிட்டேன். பட்டியலில் ஏறியவை: ஆய்வுப்பேட்டை (இடம்), பேட்டை ஆணையம் (நடத்தும் அமைப்பு), பேட்டைத் தகுதி (சலுகைக்கு உரிமை), பங்கேற்பு நிறுவனம், நாற்றங்கால், நடவு, ஈடுபாட்டுப் புள்ளி, பொதுக் கருவிக்கூடம், தூயறை. ஹப்புக்கு மையம் அப்படியே நிற்கிறது. ஊத்துக்கோட்டைப் பக்கம் வரவிருக்கும் திட்டத்துக்கு அரசு 'அறிவுசார் நகரம்' என்று பெயரிட்டுவிட்டதால் அது பெயர்ச்சொல்லாக இருக்கும், வகைச்சொல்லாக எடுக்கவில்லை.

'ஆணையம்' என்பதில் எனக்கே ஐயம். ஸ்கோல்கோவோவை நடத்துவது அறக்கட்டளை வடிவிலான அமைப்பு, அரசுத் துறை இல்லை. ஆணையம் என்றால் துறை என்று நினைத்துவிடுவார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் மாற்று சொல்லுங்கள்.

—கு.

———

'பேட்டைப் பொறுப்புக் கழகம்'? நீளம்தான். 'பேட்டைக் கழகம்' என்று சுருக்கினால் யாரோ கால்பந்துக் குழு என்று நினைக்கக்கூடும். வட சென்னையில் கட்டாயம் நினைப்பார்கள்.

—ந.